பொட்டு வைத்த புலி

1. அரவேணுவில் ஒரு தாயும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகளும் கோத்தகிரி பஸ்ஸில் ஏறி, எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.
2. மகளின் மடியில் மிருகக்காட்சிசாலைப் படங்கள் நிறைந்த பெரிய புத்தகம் இருந்தது.
3. நடுவில் ஒரு பக்கம் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டே மகள் சொன்னாள்: "புலிக்குப் பொட்டு வேற வச்சிட்டியேம்மா."

"சிலோன்ல இருந்து கொண்டாந்த அம்மன் படம் மண்டபம் கேம்ப் மழையில ஊறிப் போச்சு. வாகனமாவது சுவத்துல இருக்கட்டுமேன்னு வச்சேன்."

"டீச்சரோட சொந்தப் புத்தகம்மா. அதைப் போய்க் கிழிச்சிருக்க."

"கிழிக்கல புள்ள. அப்பா தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால நேரா அறுத்தேன்."

"நம்ம லயத்து வீடு அத்தனையும் இந்தப் புத்தகத்தக் கூடிப் பார்த்துச்சு. ஒட்டகச்சிவிங்கியப் பார்த்து நீயே எவ்வளவு சிரிச்ச. அடுத்து மியூசியம் படப் புத்தகம் தாரேன்னு சொல்லியிருந்தாங்க. இனி எங்க தரப்போறாங்க?"

"நானே வந்து சொல்லுறேன். சாமிக்குன்னா கோவிக்க மாட்டாங்க."

"நீ வராத. நான்தான் கிழிச்சேன்னு சொல்லிக்கிறேன்."

"செய்யாததை ஏன் சொல்லணும்?"

"பொட்டு வச்சதச் சொன்னா சிரிப்பாங்கம்மா."

தாய் ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னய நெனச்சுத்தான் ஒனக்கு வெக்கமா?"

மகள் புத்தகத்தை மூடினாள்.

பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில் இருவரும் இறங்கினார்கள். மகள் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். பஸ் கிளம்பியபோது தாய் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள்.

புத்தகத்தில் ஒரு பக்கம் இல்லை. புலி லயத்துச் சுவரில் இருக்கிறது.