கோழிக்குஞ்சு கேட்ட மன்னிப்பு

— பன்னெண்டு புத்தகமுங்க, ஜொஹ்ரா. நம்ம ஸ்கூல் லைப்ரரில இருந்த பன்னெண்டுலயும் கடைசிப் பக்கத்தை மட்டும் காணோம். நீங்க எழுதின புத்தகம். உங்க மகளே கிழிச்சிருக்கா. பிரின்சிபால்ங்கறதை விடுங்க, எனக்கே மனசு கஷ்டமா இருக்குது.

— கிழிச்சத யாரு பாத்தா, ப்ரியம்வதா டீச்சர்?

— பார்க்கலீங்க. ஆனா வெள்ளிக்கிழமை நீங்க வந்து மூணாம் வகுப்புக்குக் கதை வாசிச்சப்போ பக்கம் இருந்துது. நேத்து எடுத்துப் பார்த்தா இல்லை. அன்னிக்கு ஸ்கூல் விட்டப்பறம் அனீசா லைப்ரரிலதானே உக்காந்திருந்தா, உங்களுக்காகக் காத்துக்கிட்டு.

— அவகிட்ட கேட்டியளா?

— கேட்டேனுங்க. இல்லைங்கறா. கொழந்தைக அப்படித்தானே சொல்லும். கோவிச்சுக்காதீங்க, நான் பெருசா ஒண்ணும் கேக்கலை. நாளைக்குக் காலைல பிரேயர்ல நின்னு ஒரு ஸாரி சொல்லட்டும். மாட்டேன்னா ஒரு வாரம் வீட்டுல இருக்கட்டும். அவ்வளவுதானுங்க.

— போன மாசமும் நின்னு சொன்னாளே.

— அது வேறைங்க. அவ கிளாஸ் ஷ்ரேயஸைத் தள்ளிவிட்டு அவன் முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

— எதுக்குத் தள்ளுனா? அதையும் சொல்லுங்க. மூணு வாரமா அந்தப் பய இவ சடையப் புடிச்சு இழுத்திருக்கான். கிளாஸ் மிஸ்ஸுகிட்ட ரெண்டு தடவ போய்ச் சொல்லியிருக்கா. ‘ஜானே தோ பேட்டா’, விட்டுரும்மான்னு அனுப்பிட்டாங்களாம். நாலாவது வாரம் தள்ளிட்டா. நீங்க முந்நூறு புள்ளையளுக்கு முன்னால அவள நிக்க வச்சு, எம் புத்தகத்தையே கையில குடுத்து, கடைசிப் பக்கத்த வாசிக்கச் சொன்னிய. வீட்டுக்கு வந்து ரெண்டு நாளு எங்கூட பேசல டீச்சர் அவ.

— ஷ்ரேயஸையும் கூப்பிட்டுக் கண்டிச்சோமுங்க.

— எங்க வச்சு?

— என்ற ரூம்லதான்.

— அவனுக்கு ரூமு, இவளுக்கு மைதானம்.

— ஏனுங்க இப்படிப் பேசறீங்க? ‘முதலில் மன்னிப்புக் கேட்பவரே உயரமானவர்.’ நீங்க எழுதினதுதானே? எத்தனை அழகான வரி. எங்க ஸ்டாஃப் ரூம்ல மராட்டில எழுதி ஒட்டியிருக்கோம்.

— அழகு கெடக்கட்டும். கதையச் சொல்லுதேன், கேளுங்க. கோழிக்குஞ்சு இறக்கைய ஒரு குரங்கு நெதமும் புடிச்சு இழுக்குது. ஒரு நாளு குஞ்சு கொத்திருச்சு. குரங்கு அழுவுது. கடைசிப் பக்கத்துல யாரு மன்னிப்பு கேக்கா?

— குஞ்சுதானுங்க.

— எதுக்கு?

— சமாதானமாப் போறதுக்குங்க. கொழந்தைகளுக்கு நாம அதைத்தானே சொல்லித் தரணும்.

— எனக்கு அத யாரு சொல்லித் தந்தா தெரியுமா? இந்தக் கோந்த்வா ஏரியாவுக்கு வாரதுக்கு முந்தி ஊருக்குள்ள வாடகைக்குப் பதினோரு வீடு பாத்தோம். எங்க பேரக் கேட்டதும் சாவி உள்ள போயிரும். ‘பரவால்ல சார், சிரமம் குடுத்துட்டோம், மன்னிச்சுக்கோங்க’ன்னு பதினோரு வாசல்லயும் சிரிச்சிட்டு வந்தவ நான். அந்தச் சிரிப்பத்தான் குஞ்சு மூஞ்சில வரைய வச்சேன். நல்ல பண்புன்னு நெனச்சுக்கிட்டேன். அது பயம் டீச்சர். பயத்துக்குப் பூப்போட்ட சட்ட மாட்டி நாலு பாஷையில வித்திருக்கேன்.

— அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை எவ்வளவு நல்லா வாசிச்சீங்க.

— வாசிச்சு முடிச்சதும் ஒரு சின்னப் புள்ள எந்திரிச்சு, குரங்கு எப்ப ஸாரி சொல்லும்னு கேட்டுச்சு. நாப்பது புள்ளையளும் என்னையே பாக்குது. அனீசா மட்டும் தரையப் பாக்கா. புத்தகத்த மூடிட்டேன். வெக்கமாப் போச்சு.

— உங்க மனசு புரியுதுங்க. ஆனா தப்பு தப்புத்தானுங்களே. ஸ்கூல் புத்தகத்தைக் கிழிச்சதுக்கு யாராவது பதில் சொல்லித்தானே ஆகணும். நாளைக்கு அவளை அனுப்பி வைங்க.

— அனுப்ப மாட்டேன்.

— அப்ப ஒரு வாரம் வீட்டுல...

— ஒரு வருசம்னாலும் சரி. செய்யாததுக்கு எம் மவ இனி எங்கயும் நிக்க மாட்டா. அந்தா வெளிய பெஞ்சில உக்காந்திருக்கா, அவளக் கூப்புட்டு அவ மூஞ்சிக்கு நேராவே சொல்லுதேன்.

— செய்யலைன்னு எப்படிங்க அத்தனை உறுதியாச் சொல்றீங்க? வேற ஒரு பக்கத்துலயும் கை வைக்கலை. அந்த ஒரே பக்கம். அவளை விட்டா அது மேல வேற யாருக்குங்க அவ்வளவு கோவம்?

— எழுதுனவளுக்கு. வெள்ளிக்கிழம சாயந்திரம் ஸ்டாஃப் ரூம்ல கையெழுத்துப் போடுங்கன்னு பன்னெண்டையும் எம் முன்னால அடுக்கிட்டுப் போனிய; கையெழுத்தும் போட்டேன், அந்தப் பக்கத்தையும் கிழிச்சேன். நாளைக்குப் பிரேயர்ல நான் வந்து நிக்குதேன், டீச்சர். ஸாரி சொல்ல மாட்டேன்.