நீல டிக்கும் வெத்தலைத் தட்டும்

மேல பேசறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடறேன்... இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை இருக்கு. ஒண்ணு இன்ஃபார்ம். இன்னொண்ணு இன்வைட். ரெண்டும் ஒண்ணுதானேன்னு நினைச்ச ஒரு மனுஷனோட கதை இது.

திருமங்கலத்துல சௌந்தரபாண்டின்னு ஒருத்தர். மகளுக்குக் காதுகுத்து. அழகா ஒரு கார்டு தயார் பண்ணி, போன்லயே முந்நூறு பேருக்கு அனுப்பிட்டாரு. வெயில்ல அலையல, ஒரு படி ஏறல... உக்காந்த இடத்துலயே ஊரையே அழைச்சாச்சு.

அவரு சம்சாரம் மங்கை கேட்டாங்க. "எங்க அண்ணனுக்கு?"

"அனுப்பிட்டேனே. ரெண்டு நீல டிக் விழுந்துருச்சு."

"நேர்ல போய்க் கூப்பிடணுங்க. பிள்ளைய மடியில வச்சுக் காது குத்தப்போற தாய்மாமன்."

"உங்கண்ணன் என்ன வேத்தாளா? நாலு தெரு தள்ளித்தான இருக்காரு. வந்துருவாரு."

வந்தாரா?

காதுகுத்து அன்னைக்கு... ஆசாரி வந்து உக்காந்துட்டாரு. பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாச்சு. மடியத்தான் காணோம். நல்ல நேரம் முடிய இன்னும் முக்கால் மணி நேரம். மங்கை புருஷன ஒரு பார்வை பார்த்தாங்க. கல்யாணம் ஆனவங்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

மனுஷன் ஆடிப்போயிட்டாரு. தட்டுல வெத்தலை பாக்கு, பழம், தேங்காய் வச்சாரு. மங்கைய வண்டியில ஏத்துனாரு. நேரா மச்சான் வீட்டு வாசல்.

அங்க என்ன பார்த்தாரு தெரியுமா... மச்சான் வேலுச்சாமி குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, நாற்காலியில உக்காந்திருக்காரு. பக்கத்துல சீர்த் தட்டு... ஒண்ணு இல்ல, பதினொண்ணு. தோடு, பட்டுப்பாவாடை, அத்தனையும்.

"எல்லாம் தயாரா வச்சுக்கிட்டு ஏன் மச்சான் வரல?"

வேலுச்சாமி கோவப்படல. மெதுவா சொன்னாரு... "தேதி தெரியும் மாப்ளே. நேரம் தெரியும். மண்டபம்கூடத் தெரியும். என்னைக் கூப்பிட்டீங்களான்னுதான் தெரியல."

சௌந்தரபாண்டி தட்டை நீட்டுனாரு. "தப்பு என் மேலதான் மச்சான். வாங்க, பிள்ளை உங்க மடிக்குத்தான் காத்திருக்கா."

அவ்வளவுதாங்க. தட்டை வாங்குன கையோட மச்சான் செருப்ப மாட்டிட்டாரு. பதினொரு தட்டும் தெருவுல வரிசையா போச்சு. நல்ல நேரம் முடிய பத்து நிமிஷம் இருக்கறப்ப பிள்ளை மாமன் மடியில உக்காந்து வீல்னு அழுதுச்சு. மங்கை அப்பத்தான் சிரிச்சாங்க.

இப்ப சொல்லுங்க... இன்ஃபார்ம்னா என்ன? சேதி போய்ச் சேரும். இன்வைட்னா? நாம போய்ச் சேரணும். உங்க சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட ரெண்டு பஸ் மாறி எங்க வீட்டுக்கு வந்தாரு. எங்க வீட்டுத் தண்ணிக் காபியயும் குடிச்சாரு. அதனாலதான் இந்த முட்டி வலியோட மேடை ஏறி நிக்கறேன்.

உங்க போனை எடுத்துப் பாருங்க... அதுல நீல டிக்கோட ஒருத்தர் இருப்பாரு. வர மனசில்லாதவர் இல்லைங்க. வேட்டி கட்டி, எல்லாம் எடுத்து வச்சு, வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கறவர். நாளைக்கு அந்த வாசல்ல போய் நில்லுங்க.