கண்ணாடிப் பெட்டிக்குள் தாஜ்மகால்

"கல்லறையைக் கொண்டுவந்து கொடுத்து, வீட்டு அலமாரியில வைங்கன்னு சொல்றாரே அந்த மனுஷன்!"

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் புறப்படும் நேரம், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் இப்படிச் சீறினாள். பக்கத்தில் அவள் கணவர். அவர் மடியில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு சாண் உயரத்தில் வெள்ளைத் தாஜ்மகால்.

"மெல்லப் பேசு. ஆக்ரா போன மாப்பிள்ளை ஆசையா வாங்கிட்டு வந்தது. நம்ம பொண்ணு மேல வச்சிருக்கிற அன்புக்கு அடையாளமாம்."

"அந்த ராணி எப்படிச் செத்தா?"

"பிரசவத்துல."

"எத்தனையாவது பிரசவம்?"

அவர் தயங்கினார். "பதினாலாவதுன்னு சொல்வாங்க."

"இருந்தவரைக்கும் ராஜா அவளைச் சும்மா விடலை. செத்தப்புறம் ஊரே பார்க்கிற மாதிரி கட்டடம் கட்டினாராம், பெரிய அன்பு! இன்னொரு பிள்ளை பெத்தா நம்ம பொண்ணு பிழைக்கமாட்டான்னு போன பிரசவத்துலயே டாக்டரம்மா மாப்பிள்ளைகிட்ட சொன்னாங்களா இல்லையா? இப்ப அவளுக்கு மறுபடியும் அஞ்சு மாசம்!"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. நயாபைசாவாகச் சில்லறை கொடுத்த கண்டக்டர் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

"ஜோரா இருக்குங்க. கல்யாணப் பரிசுங்களா?"

அம்மாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தின் கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரம் கண்ணில் பட்டதும் கணவர் மெதுவாகக் கேட்டார். "இதைத் திருப்பிக் கொடுக்கறப்ப மாப்பிள்ளைகிட்ட என்னன்னு சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் சொல்லிக்கிறேன். கட்டடத்தை நீங்களே வச்சுக்கங்க மாப்பிள்ளை, பொண்ணை நாங்க கூட்டிட்டுப் போறோம்."