திருத்திய பட்டியல்

மோரைக் குடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்வித்துறையிலிருந்து இந்த வெயிலில் எனக்காக வந்திருக்கிறீர்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளி நிற்பது என் தகப்பனார் கொடுத்த நிலத்தில். அதனால் கமிட்டித் தலைவர் கன்னியப்பனாகிய நான். போன வருஷம் ஒன்பதாம் வகுப்புக்குப் பெரிய திரை வந்தது. சென்னையிலிருந்து ஜாஸ்மின் டீச்சர் திரையில் பாடம் நடத்துவார். எங்கள் ஜோதி டீச்சர் வகுப்பில் நின்று அவரோடு சேர்ந்து நடத்துவார். பிள்ளைகளுக்கு எண் போட்ட டேப்லெட். விடைகளைத் திருத்தி, யார் கெட்டிக்காரர், யார் மந்தம் என்று வரிசைப்படுத்துவது செயற்கை நுண்ணறிவு. அதற்கு முகம் தெரியாது, எண்தான் தெரியும். அவ்வளவு நடுநிலை.

முதல் மாத வரிசையில் கடைசிப் பெயர் என் பேத்தி கவியா. முதல் பெயர் அன்னக்கிளி. தெற்கிலிருந்து வந்து என் வாடகை அறையில் இருந்துகொண்டு ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் பேச்சிராஜின் மகள். வரிசையைச் சுவரில் ஒட்டினார்கள்; என் தகப்பனார் கட்டிய சுவரில் எங்கள் பெயர் அடியில் தொங்கியது.

எந்த எண் எந்தப் பிள்ளைக்கு என்ற பட்டியல் கமிட்டியின் பொறுப்பு. அதில் பிழை இருப்பதாகக் கடிதம் எழுதி, இருவர் எண்ணையும் இடம் மாற்றி, முத்திரை வைத்து அனுப்பினேன். இயந்திரம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அவ்வளவு மரியாதையை மனிதர்களிடம் பார்த்து வெகு காலமாகிறது.

ஜோதி டீச்சர்தான் திரையோடு வாதாடினார். "இன்னா மேடம், அந்தப் பொண்ணு நான் போட்ற கணக்கையே திருத்திக்கினு கீது. அதப் போய் மந்தம்னு போட்டுக்கீது."

"டேட்டா அப்படிச் சொல்லலையே ஜோதி" என்றது திரை.

அரையாண்டு அறிக்கையோடு பேச்சிராஜ் என்னிடம் வந்தார். "மெஷினே மண்டைல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, ஐயா. இனி என்னத்தப் படிக்க வைக்க? ஊர்ல எம் மச்சினன் கேக்கான். கெட்டிக் குடுத்திருதேன்."

அவளுக்குப் பதினான்கு வயது. அடுத்தவர் குடும்ப விஷயத்தில் நாங்கள் தலையிடுவதில்லை. பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தேன். அவள் உயரத்துக்குக் கொஞ்சம் பெரிது என்று பிறகு சொன்னார்கள்.

அன்றே இன்னொரு கடிதம் எழுதியிருந்தால் அவள் பள்ளியில் இருந்திருப்பாள். தெரியும். ஆனால் ஒரே பட்டியலில் இரண்டு பிழை என்றால் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

எண்ணை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன். உங்களுக்குத் தகவல் கொடுத்தது கவியா என்கிறீர்கள். அவள் என்னோடு பேசி நான்கு மாதமாகிறது. இருந்தாலும் பாருங்கள், தாத்தா என்றுகூடப் பார்க்காமல் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.