அரக்குச் சேலையும் ஜெசிந்தா சிஸ்டரும்

வட்டமும் அம்புக்குறியுமா திரையில நிறையப் பார்த்துட்டோம். மருந்தோட பக்கவிளைவு பத்தின தகவல் இங்கிருந்து மாவட்டத்துக்குப் போகும், அங்கிருந்து சென்னை, அங்கிருந்து டெல்லி... எல்லாம் சரி. மூணாவது வரிசையில ஒரு சார், சாப்பிட்ட அசதியில கண்ணை மூடிக்கிட்டே தலையாட்டுறாரு! அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் அணைச்சிடுங்க. ஒரு குட்டிக் கதை இருக்கு, கேட்டுட்டு அப்புறம் திட்டம் போடுவோம்.

கோபி டவுன் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. அதுல பட்டுப் பிரிவுல பரிமளான்னு ஒரு அம்மா. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வர்றவங்க, "பரிமளா எங்கே?"ன்னு கேட்டுக்கிட்டேதான் படியேறுவாங்க. பொண்ணு முகத்தைப் பார்த்ததும் எந்தக் கலர் எடுப்பா இருக்கும்னு சொல்லிடுவாங்க. அப்படி ஒரு கண்ணு!

அவங்களுக்குக் காசநோய் வந்துடுச்சு. அரசு ஆஸ்பத்திரியில மருந்து ஆரம்பிச்சாங்க. மருந்து கொடுக்கறவங்க ஜெசிந்தா சிஸ்டர். தங்கமான மனுஷி.

"பரிமளா, ஒரு நாள்கூட விடக்கூடாது. நடுவுல நிறுத்தினா நோய் திரும்பி வந்துடும், ஆமா!"

சரியாத்தானே சொன்னாங்க? நாம எல்லாரும் அதைத்தானே சொல்றோம்?

ரெண்டே நாள்ல பரிமளா மூச்சு வாங்க ஓடி வர்றாங்க. "சிஸ்டர்... ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல போகுதுங்க!"

சிஸ்டருக்குச் சிரிப்பு தாங்கல. "அட, அது மாத்திரையோட கலரும்மா! பயப்படாதீங்க." மருந்து எடுத்துக் கொடுக்கறவர் சிரிச்சார். வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. பரிமளாவும் கூடச் சேர்ந்து சிரிச்சாங்க.

ஆனா உள்ளுக்குள்ள ஒரு முடிவு எடுத்துட்டாங்க. என்ன முடிவு? ...இனிமே எதையும் கேக்கறதில்ல.

இருமல் நின்னுச்சு. உடம்பு தேறுச்சு. கொஞ்ச மாசம் கழிச்சு, கடையில ஒரு கல்யாணக் கூட்டம். "அம்மணி, அரக்குக் கலர்ல ஒண்ணு காட்டுங்க."

பரிமளா எடுத்து விசிறி விரிச்சாங்க. "பாருங்க, உங்க பொண்ணுக்குன்னே நெய்த மாதிரி இருக்குது!"

பொண்ணோட அம்மா சேலையைப் பார்க்குறாங்க... பரிமளாவைப் பார்க்குறாங்க... "ஏனுங்க அம்மணி, இது பாசிப்பச்சைங்க!"

அன்னைக்கு எப்படியோ சமாளிச்சாங்க. மறுபடியும் அதே மாதிரி ஆச்சு. முதலாளி கூப்பிட்டு, "உன் கவனமெல்லாம் எங்கம்மா போச்சு?"ன்னு கேட்டு, வேட்டிப் பிரிவுக்கு மாத்திட்டார். வேட்டி! எல்லாம் வெள்ளை! தப்பிச்சோம்டா சாமின்னு இருந்தாங்க பரிமளா.

வீட்டுல? தக்காளி பழமா, காயான்னு தெரியல. பஸ் போர்டு மங்கலாயிடுச்சு. மாத்திரையாலதான் இருக்குமோ? முழுங்கினா கண்ணு போயிடும். நிறுத்தினா நோய் வந்துடும். சொன்னா... சிரிப்பாங்க. யோசிச்சு யோசிச்சு, நாளையிலிருந்து மாத்திரையை யாருக்கும் தெரியாம தூக்கிப் போட்டுடலாம்னு தீர்மானிச்சாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தது யாரு? நம்ம ஜெசிந்தா சிஸ்டர்!

"அட பரிமளா! எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வேட்டி கொடுங்க. சிவப்புக் கரை போட்டது."

எடுத்து வெச்சாங்க. பச்சைக் கரை.

சிஸ்டர் சிரிக்க வாயைத் திறந்தாங்க... பரிமளா முகத்தைப் பார்த்தாங்க. சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு.

"பரிமளா... இது உங்களுக்கு என்ன கலராத் தெரியுது?"

"தெரியலைங்க சிஸ்டர்." கரையை விரலால தடவிப் பார்த்தாங்க. "கொஞ்ச நாளா எல்லாமே சாம்பலாத்தான் தெரியுதுங்க."

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"சிரிப்பீங்களோன்னு..."

வேட்டியை அப்படியே போட்டுட்டு, சிஸ்டர் ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் பார்த்தார். அந்த மருந்துகள்ல ஒண்ணு, எல்லாருக்கும் இல்ல, சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். அதை மட்டும் நிறுத்தினார். மத்த மருந்தை விடாம தொடரச் சொன்னார்.

கொஞ்சம் கொஞ்சமா பார்வை தெளிஞ்சுது. ஒரு நாள் காலையில பரிமளா ஜன்னலைத் திறந்து பார்த்துட்டுக் கத்துறாங்க. "ஏங்க! எதிர்வீட்டுக்கு யாருங்க இப்படி ரோஸ் பெயிண்ட் அடிச்சது? கண்ணைக் குத்துது!"

வீட்டுக்காரர் சொல்றார், "அது அடிச்சு மூணு மாசமாச்சு!" சொல்லிட்டுத்தான் அவருக்கே உறைச்சுது. ரெண்டு பேரும் அழுதுகிட்டே சிரிச்சாங்க. காசநோயும் முழுசாக் குணமாச்சு. பரிமளா பழையபடி பட்டுப் பிரிவுல!

சிஸ்டர் அதோட விடல. அடுத்து மருந்து வாங்க வந்த ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு, "கண்ணு எப்படித் தெரியுது?"ன்னு கேட்டாங்க. ஒருத்தர் சொன்னார், "கலரெல்லாம் ஒரு மாதிரி மங்கிப்போச்சு சிஸ்டர். வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்." அவருக்கு என்ன வேலை தெரியுமா? ...லாரி டிரைவர்! சிக்னல்ல அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணு! அவரையும் டாக்டர்கிட்ட அனுப்பிட்டு, பரிமளா, டிரைவர் ரெண்டு பேர் விஷயத்தையும் அன்னைக்கே மேலே எழுதி அனுப்பினாங்க சிஸ்டர்.

இப்பச் சொல்லுங்க. மருந்தோட பக்கவிளைவைக் கவனிக்க, நாடு முழுக்க ஒரு கண்காணிப்புத் திட்டம் போடப் போறோம். கம்ப்யூட்டர் வேணும், வேண்டாம்னு சொல்லல. நிபுணர் குழு வேணும், வேண்டாம்னு சொல்லல. ஆனா பரிமளா வாயைத் திறக்கலைன்னா, டெல்லி கம்ப்யூட்டர் எதை எண்ணும்? ஒண்ணுமே வரலைன்னா, எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதானே காட்டும்?

அதனால உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். உங்க திட்டத்துல முதல் செலவா, மருந்து கொடுக்கற இடத்துல ரெண்டு நாற்காலி போடுங்க. ஒண்ணுல நீங்க உக்காருங்க. இன்னொண்ணுல மருந்து வாங்க வர்றவங்களை உக்கார வைங்க. நோய் எப்படி இருக்குன்னு தினமும் கேக்கறோம். கூடவே, "இந்த மருந்து உங்களை என்ன பண்ணுது?"ன்னு கேளுங்க. கேட்டுட்டு... அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க!