பதினேழாம் வரியில் ஒரு திருத்தம்

டாக்டர் ஜ்யோத்ஸ்னாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தாள் வந்து சேர்ந்தது. எழுத்து ரொம்பப் பொடியாக இருந்ததால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து வாசித்தேன். உங்களுக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது என்று தெரியும். உங்கள் அம்மா படித்துச் சொல்வார். அவரிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலத்தில் முப்பத்தெட்டு வருஷம் குறிப்பெழுதியவள்தான் நான். ஆனால் இதை மட்டும் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் வேறு யாரோ செய்தது போல வந்து நிற்கிறது.

எலும்பு மஜ்ஜை பழுதாகி, மற்றவர்கள் ரத்தத்தை ஏற்றிக்கொண்டு வாழ்ந்தவர்கள் அறுபத்து நாலு பேர். அவர்கள் உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்தது, அதற்குப் பிறகு எத்தனை நாள் இருந்தார்கள் என்பது உங்கள் ஆராய்ச்சி. பெயர் எதுவும் போடவில்லை. இருந்தாலும் பதினேழாம் வரி என் தம்பி ஜெயராம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "தேதியெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துடுங்கோ ஆன்ட்டி, உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்று போனில் சொன்னீர்கள். தேதிகள் சரி. 'இரும்பிறக்கும் மாத்திரை: தினமும், தவறாமல். பலன்: இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை.

அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் எனக்கு வேலையே இதுதான். மாநிலங்களிலிருந்து வரும் எண்களைச் சரிபார்ப்பது. ஒரு தப்பான எண் அட்டவணைக்குள் நுழைந்துவிட்டால் அங்கேயே குடித்தனம் வைத்துவிடும், அப்புறம் கிளப்ப முடியாது. நீங்கள் வேறு சொன்னீர்கள்: "இவர மாதிரி இன்னும் மூணு பேர் இருக்கா ஆன்ட்டி. மாத்திரை வேலையே செய்யலை. இந்த மாதிரி கேஸ்ல சீக்கிரமே நிறுத்திடலாமான்னு யோசிக்கறோம்." அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மூன்று பேரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஜெயராமுக்கு மாத்திரை வேலை செய்தது. நான் கொடுத்த வரைக்கும் செய்தது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். நான் ஓய்வு பெற்று கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கரோல் பாக்கில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தேன். அறுபது வயதில் முதல் தடவையாக ஒரு பூட்டுக்கு நான் ஒருத்தி மட்டும் சாவி வைத்திருந்தேன். ஐந்து மாதம் அப்படி இருந்தது. ஜூன் மாதம் ஜெயராம் வந்தான். அவன் மனைவி சுஜாதாவுக்கு வங்கி வேலை, போபாலுக்கு மாற்றலாகியிருந்தாள். உங்கள் ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து பக்கம். "மூணு வாரம்தான் அக்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியாது.

ஒவ்வொரு பை ரத்தத்தோடும் கால் கிராம் இரும்பு உள்ளே போகிறது, வெளியே வர அதற்கு வழி கிடையாது, ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படிகிறது என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டினீர்கள். ஃபெரிட்டின் என்கிற அந்த எண் அப்போது மூவாயிரத்து நானூறு. அதை இறக்கத்தான் மாத்திரை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து மொசம்பி பிழிந்து, மூன்று மாத்திரையைப் போட்டு, கரையும்வரை கலக்கிக் கொடுக்க வேண்டும். அரை மணி கழித்துச் சாப்பாடு. அதன் பிறகு அவனுக்கு வயிறு போகும். மூன்றாவது திங்கள்கிழமைதோறும் ஆஸ்பத்திரி. ஏற்றுகிற ரத்தத்துக்குப் பதில் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரச் சொல்வார்கள் இல்லையா, அந்த ஆளையும் நான்தான் தேட வேண்டும். பழைய ஆபீஸ்காரர்கள், வீட்டுக்காரர் மருமகன், பால் பூத் பையா வரை கேட்டாயிற்று. கடைசியில் எதிர் ஃபிளாட்காரர்கள் என் தலையைப் பார்த்தாலே கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன்.

அப்போதுதான் என் மஜ்ஜை அவனுக்கு முழுசாகப் பொருந்துகிறது என்று ரிப்போர்ட் வந்தது. சுஜாதா போபாலிலிருந்து இனிப்போடு வந்தாள். உறவில் எல்லாரும் போன் செய்தார்கள், ஜெயராமுக்கு. "உமா இருக்கறச்சே உனக்கென்னடா கவலை" என்று அவனிடம் சொல்வது எனக்கு அடுப்படியில் கேட்கும். நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். ஊசிக்கு நான் பயப்படவில்லை. மஜ்ஜை அணுக்களை என் ரத்தத்திலிருந்தே பிரித்து எடுத்துக்கொள்ளலாம், நாலைந்து மணி நேரம், இரண்டு கையிலும் ஊசி, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தீர்கள். அதன் பிறகு நூறு நாள் என்றீர்கள். நூறு நாள் அவன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எல்லாம் கொதிக்கவைத்துக் கொடுக்க வேண்டும், வீட்டுக்குள் ஒருவரும் வரக்கூடாது. வீடு என்றால் என் வீடு. அப்புறம் ஒரு வருஷமாவது வந்து போய்க்கொண்டு இருக்க வேண்டும் என்றீர்கள். எனக்கு அலுப்பாக இருந்தது டாக்டர். வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

என் வேலையில் நான் ஒரு கோப்பைக்கூட நிராகரித்தது கிடையாது. வேண்டாம் என்று எழுதினால் சண்டை வரும், மேலிடம்வரை போகும். அதனால் ஏதாவது ஒரு எண்ணுக்கு விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். பதில் வந்தால் இன்னொரு விளக்கம். கொஞ்ச நாளில் அனுப்பியவர் மாற்றலாகிப் போய்விடுவார், இல்லை ஓய்வு பெற்றுவிடுவார். கோப்பு அலமாரியில் இருக்கும். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. உமாமகேஸ்வரி ரொம்ப நல்ல மாதிரி என்றுதான் என் வழியனுப்பு விழாவில் எல்லாரும் பேசினார்கள்.

பிப்ரவரியில் நடந்ததை நான் இதுவரை எனக்கே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: ஜெயராமின் நண்பர் அச்சுதன் வீட்டுக் கல்யாணம், வியாழக்கிழமை. வயிற்றுப்போக்கோடு எப்படிப் போவது என்று தவித்தான். உங்களைக் கேட்டோம். இரண்டு நாள் மாத்திரை வேண்டாம் என்றீர்கள். அந்த இரண்டு நாளும் குழந்தை மாதிரி தூங்கினான், பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் சனிக்கிழமையும் கொடுக்கவில்லை.

வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்தது செவ்வாய்க்கிழமை. ஆயிரத்து அறுநூற்று நாற்பது. நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஆயிரத்துக்குக் கீழ வந்துடட்டும், தேதி போட்டுடலாம்" என்றீர்கள். இரும்போடு மஜ்ஜையை மாற்றினால் பிழைப்பவர்கள் குறைவு, அதனால் பொறுத்துத்தான் செய்வேன் என்றும் சொன்னீர்கள். கல்யாணம் அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான்.

சனிக்கிழமை காலை மொசம்பி ஜூஸில் என்னுடைய கால்சியம் மாத்திரையைப் பொடித்துக் கரைத்தேன். அதே வெள்ளை, அதே மாவு ருசி. அவன் முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, சாயங்காலம் சொன்னான்: "அக்கா, இன்னிக்கு வயிறு சமர்த்தா இருக்கு. மருந்து உடம்புக்குப் பழகிடுத்து போல." எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதில் பொய் இல்லை.

மே மாதம் இரண்டாயிரத்து முந்நூறு. நீங்கள் என்னிடம் தனியாகக் கேட்டீர்கள், "ரெகுலரா குடுக்கறேளா ஆன்ட்டி?" என்று. "ஒரு நாள்கூட விடலை டாக்டர்" என்றேன். தம்ளரை ஒரு நாள்கூட விடவில்லை. செப்டம்பரில் நாலாயிரத்து நூறு. மூன்று மாத்திரையை நான்காக்கினீர்கள். நானும் கால்சியத்தைக் கூட்டினேன். அவன் முகம் கறுத்தது. வெயிலில் அலைந்ததால் என்று சுஜாதா நினைத்தாள். வங்கி விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமைகளில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன் அக்கா" என்று. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். என் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. கால்சியம் ஆரம்பித்து இரண்டு மாதத்தில், ஏப்ரலில் ஒரு நாள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டு திரும்பினோம். மெட்ரோ பிளாட்பாரத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அக்கா, உனக்கு இதுல இஷ்டம் இல்லேன்னா சொல்லிடு. சுஜாதாகிட்ட, டாக்டரே வேண்டாம்னுட்டார்னு நான் சொல்லிக்கறேன். உன் பேரு வராது. மாத்திரையும் ரத்தமுமா ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"போடா அசடு. ஜல்தி எழுந்திரு, வண்டி வரது" என்றேன்.

அவன் கண் கலங்கியது. என் பையை வாங்கித் தான் தூக்கிக்கொண்டான். அன்றைக்கு எண் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் இருந்திருக்கும். மறுநாள் காலையே பழைய மாத்திரைக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மறுநாளும் கால்சியம்தான் கரைத்தேன்.

அடுத்த வருஷம் மார்ச் இருபத்திரண்டாம் தேதி அவனை உங்கள் வார்டில் சேர்த்தோம். எண் ஆறாயிரத்து எண்ணூறு. இதயம் நின்றது ஏப்ரல் நாலாம் தேதி. இதயத்தில் இரும்பு படிந்துவிட்டது என்றீர்கள். உங்களால் முடிந்ததை எல்லாம் செய்தீர்கள் என்று நான்தான் உங்களைத் தேற்றினேன்.

ஆகவே திருத்தம் இது. பிப்ரவரி பதினைந்து முதல் மார்ச் இருபத்தொன்று வரை, ஒரு வருஷத்துக்கு மேல், பதினேழாம் வரிக்காரர் ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவள் கொடுக்கவில்லை. ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று மாத்திரைகளும் அட்டை பிரிக்காமல் என் அரிசி டப்பாவில் இருக்கின்றன. சரிபார்த்துக்கொள்ளலாம். சிலவற்றுக்கு இன்னும் காலாவதித் தேதி வரவில்லை, வாங்க முடியாதவர் யாருக்காவது ஆகும். இந்தக் கடிதத்தை யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். இப்போதெல்லாம் காலையில் எட்டு மணி வரை தூங்குகிறேன்.

அதே வரியில், 'கொடையாளர் சம்மதம்' என்ற கட்டத்தில் 'உண்டு' என்று போட்டிருக்கிறீர்கள். கேட்டபோதெல்லாம் நான் சரி என்றுதான் சொன்னேன். அதை மாற்ற வேண்டாம், அது சரியான தகவல்.

இப்படிக்கு,
உமாமகேஸ்வரி