திரைக்கு முறை வாங்கித் தந்தவருக்குப் பொறாமையோடு ஒரு மடல்

கணினிக்குள் முண்டியடிக்கும் ஆயிரம் வேலைகளில் எது முந்துவது, எது பிந்துவது என்று இருபத்தெட்டு ஆண்டுகள் முறை வகுத்த முன்னுரிமைப் பிரிவின் தலைவியே, சலியாத சிந்தையும் சுருங்காத முகமும் கொண்ட செயல்வீரரே, வரைகலைப் பிரிவினராகிய எங்கள் வயிற்றெரிச்சலுக்கு ஓயாமல் விறகு வைத்த அன்பு அம்மையீர், வணக்கம்.

பணி ஓய்வு பெற்று ஒருவர் விடைபெறும் நாளில் பொறாமையைப் பேசுவது பண்பாகாது என்பார்கள். எழுத அமர்ந்த எங்கள் அறுவருக்கும் வேறெதுவும் முதலில் வரவில்லை. திரையில் திறக்கும் சாளரத்துக்கு நிழல் சேர்த்து, வண்ணத்தை வடித்து, எழுத்தைச் செதுக்கியவர்கள் நாங்கள். வந்து பார்த்தவர்களோ, "என்னமா ஓடுது, சுணங்கவே இல்லையே" என்று உங்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று தேநீர் வேளைதோறும் பொருமினோம்.

எங்களை மிகவும் எரிய வைத்தது, நம் கணக்காளர் தம் கணவரை அழைத்து வந்த நாள்தான். காது கேளாத அவர், தம்மைப் போலவே காது கேளாத, வெளியூரில் படிக்கும் மகளோடு காணொளியில் கைச்சைகையால்தான் பேசுவார். நாம் உருவாக்கும் கணினி இயங்குதளத்தின் புதிய பதிப்பில் அந்தப் படம் திக்கித் திக்கி நின்றது. நமக்குப் படம் நின்றாலும் குரல் இருக்கும். அவருக்குப் பேச்சே நின்றது. மகள் அழுதுகொண்டே ஏதோ சொல்லியிருக்கிறாள். நோயா, வேறு துயரமா என்று தெரியாமல் பெற்றவர்கள் தவித்துப் போயிருந்தார்கள்.

"வரைகலை அட்டை பத்தல, பெருசா வாங்கிப் போடுங்க" என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். படம் வரையும் வேலைக்கே உச்ச முன்னுரிமை கொடுத்தும் பார்த்தோம். திக்கல் தீரவில்லை.

நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரருகே அமர்ந்து, மகளை மறுபடி அழைக்கச் செய்து, உள்ளே நடப்பதைக் கவனித்துவிட்டு எங்களிடம் சொன்னீர்கள்:

"வரையறதுல குறையே இல்ல. உங்க வேலை வாசல்ல காத்துக்கிட்டு நிக்குது. கோப்பு அடுக்குற வேலை, ரெண்டுக்கும் பொதுவான இடத்தை உள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

"அதை வெளிய தள்ளிடலாமே மேடம்?"

"பாதியில தள்ளினா கோப்பு கெட்டுடும். அதுக்கு முன்னுரிமை கம்மி, அதான் நடுவுல வர்றதெல்லாம் அதைத் தாண்டிப் போகுது, அதால முடிச்சுட்டு வெளிய வர முடியல. பூட்டைத் திறக்கிற வரைக்கும் உங்க முன்னுரிமையை அதுக்குக் குடுங்க."

எங்கள் உயர்வைக் கடைசி வரிசைக்குத் தாரை வார்ப்பதா என்று முகம் சுளித்தபடியே செய்தோம். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மகளின் விரல்கள் தெளிந்தன. தேர்வில் தோற்றதைச் சொல்லத்தான் அழுதிருக்கிறாள். தந்தை கைகளை வீசி ஏதோ சொல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர் திரும்பி உங்கள் கைகளை மட்டும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற எங்கள் கைகள் சும்மா தொங்கின.

மறுநாள் அறிக்கையில், "வரைகலைப் பிரிவு சரிசெய்தது" என்று எழுதினீர்கள். அதற்கும் எரிந்தோம். பெருந்தன்மையிலும் எங்களை முந்தவிடவில்லை நீங்கள்.

இன்று உங்கள் வீட்டுக்காரர் வாசலில் எங்களைப் பார்த்து, "இனிமே முழு நாளும் எனக்குத்தான்" என்று சிரித்தார். அவர்மீதும் பொறாமைதான்.

உடல் நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், நினைத்த ஊருக்கெல்லாம் நினைத்த நேரத்தில் போய் வந்து, நாங்கள் பொறாமைப்பட்டு மாளாத அளவுக்கு நெடுநாள் நன்றாக வாழுங்கள்.

இங்ஙனம்,
இன்னும் ஆறவில்லை எனினும் அன்பு மாறாத
வரைகலைப் பிரிவினர்